“எனக்குத் தெரியுதே, உங்களுக்குத் தெரியலையா?”: வி.ஆர். அறையில் சேர்ந்து வேலை செய்யும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

சென்னையில் ஒரு பொறியியல் வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆலைகளுக்கான குழாய்ப் பாதை, பம்ப், மேடை, படிக்கட்டு எல்லாவற்றையும் கணினியில் முப்பரிமாண மாதிரியாக வரைவோம். வாரத்துக்கு இரண்டு முறை வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அந்த மாதிரிக்குள்ளேயே நுழைவோம். திருச்சிப் பக்கம் தளத்தில் இருக்கும் பொறியாளர்களும் அவர்கள் இடத்திலிருந்து உள்ளே வருவார்கள். சேர்ந்து நடந்து, எது எதில் இடிக்கிறது, எங்கே கை எட்டாது என்று பார்ப்போம். அந்த அமர்வு நடுவில் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை “தம்பி, நெட் சரியில்லை” என்றுதான் தொடங்கும். போய்ப் பார்த்தால் நெட் நன்றாகத்தான் இருக்கும். இருவர் ஒரே அறையில் நின்றுகொண்டு வேறு வேறு காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது அவர்களுக்கே தெரியாது. அதனால் ரூட்டரைத் தொடுவதற்கு முன்பு நான் இரண்டு பக்கமும் கேட்பது ஒரே கேள்வி: “இப்போ உங்க கண்ணுக்கு என்ன தெரியுது? வாய்விட்டுச் சொல்லுங்க.” கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். பாதி நேரம் பதிலிலேயே கோளாறு வெளியே வந்துவிடும்.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

## அறிகுறி 1: இருவரும் உள்ளே வந்தாச்சு, ஆனால் ஆளை ஆள் காணோம்

இரண்டு பேரும் “நான் அறையிலதான் நிக்கிறேன்” என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், அறைதான் இரண்டு.

அறையின் பெயர். கையால் தட்டச்சு செய்தார்களா? ஹெட்செட் விசைப்பலகையில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் சில செயலிகள் புது அறையைத் திறந்துவிடும். பெயர் சொல்லாதீர்கள். இணைப்போ எண் குறியீடோ அனுப்புங்கள்.

செயலியின் பதிப்பு. ஒரு ஹெட்செட் இரவோடு இரவாகத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று அலமாரியில் அணைந்து கிடந்திருக்கும். பதிப்பு வேறானால் ஆட்களை வேறு வேறு அறைகளில் போடும் செயலிகள் உண்டு, எச்சரிக்கை எதுவும் வராது. இரண்டு பக்கமும் பதிப்பு எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அமர்வுக்கு முந்தைய நாள் மாலையே எல்லா ஹெட்செட்டையும் சார்ஜில் போட்டு, இயக்கி, புதுப்பித்து வையுங்கள்.

சர்வர் வட்டாரம். “அருகிலுள்ள சர்வர்” என்று செயலி தானே தேர்ந்தெடுக்கும் வகை நிறைய. ஒருவர் அலுவலக வி.பி.என். (அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் தனி இணைப்பு) வழியாக வருகிறார், அது வெளிநாட்டுத் தலைமையகம் வழியாக வெளியேறுகிறது என்றால், அவருக்கு “அருகில்” என்பது அந்த நாடு. சென்னையும் திருச்சியும் சந்திக்கவே சந்திக்காது. வி.பி.என்.-ஐ நிறுத்திப் பாருங்கள். நிறுத்த அனுமதியில்லை என்றால் அமைப்பில் வட்டாரத்தைக் கையால் ஒன்றாக வையுங்கள்.

ஃபயர்வால், அதாவது அலுவலக நெட்வொர்க்கின் தடுப்புக் காவல். சோதிக்க எளிய வழி: செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஹெட்செட்டை இணைத்து நுழையுங்கள். ஹாட்ஸ்பாட்டில் வருகிறது, அலுவலக வைஃபையில் வரவில்லை என்றால் உங்கள் ஹெட்செட் மேல் குற்றமில்லை.

*இங்கே ஆளை அழைக்கவும்:* ஹாட்ஸ்பாட் சோதனை தேறியதும் நெட்வொர்க் நிர்வாகியிடம் போங்கள். “நெட் வரலை” என்று போய் நிற்காதீர்கள். “குரலும் அசைவும் யு.டி.பி. வழியாகப் போகின்றன, வெளியே போகும் யு.டி.பி. தடுக்கப்பட்டிருக்கிறதா? தடுத்தே ஆகவேண்டும் என்றால் 443 போர்ட்டில் ரிலே வழியாகப் போக வழி உண்டா?” என்று கேளுங்கள். (யு.டி.பி. என்பது தரவை உடனுக்குடன் அனுப்பும் ஒரு முறை, ரிலே என்பது நடுவில் நின்று கடத்தும் சர்வர்.) இரண்டு வாரம் இழுக்கும் வேலை பத்து நிமிடத்தில் முடியும். தேவையான முகவரிகளின் பட்டியலைச் செயலி விற்றவரிடம் முதலிலேயே வாங்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

## அறிகுறி 2: குரலில் தகராறு

நம் குரலே நமக்குத் திரும்பி வந்தால்: ஒரே அறையில் இருவர் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பேசுவதை மற்றவரின் மைக்கும் பிடித்து அனுப்புகிறது. இயர்போன் செருகுங்கள். போதவில்லை என்றால், ஒரே கூடத்தில் இருப்பவர்களில் ஒருவரின் மைக் மட்டும் திறந்திருக்கட்டும்.

நெருங்கினால் கேட்கிறது, விலகினால் தேய்கிறது என்றால்: இது கோளாறே இல்லை. நிஜ உலகம்போல தூரத்துக்கு ஏற்பக் குரல் குறைய வைத்திருக்கிறார்கள். சிறிய கூட்ட அறையில் இது அழகாக இருக்கும். ஆலை மாதிரியில் ஒருவர் தரையிலும் ஒருவர் 20 மீட்டர் உயர மேடையிலும் நிற்கும்போது தொல்லை. தூரக் குறைப்பை அணைத்துவிட்டு, திசை மட்டும் தெரியும்படி வையுங்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி மோதிக்கொண்டால்: இது தாமதம். ஒருவர் ஒன்று, மற்றவர் இரண்டு என்று மாறி மாறி இருபது வரை எண்ணுங்கள். நேரில் எண்ணினால் எவ்வளவு சீராகப் போகுமோ அந்த வேகம் வரவில்லை, ஒவ்வோர் எண்ணுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால் தாமதம் அதிகம். குரல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சேர 150 மில்லி நொடிக்குள் இருக்கவேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்டப் பேச்சின் முறை கெடும்.

முதலில் புளூடூத் இயர்போனைக் கழற்றி ஒயர் இயர்போன் போடுங்கள். புளூடூத் தன் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கிறது. அடுத்து, ஹெட்செட் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், 5-க்கு மாற்றுங்கள். ரூட்டர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள். இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் இணைப்புத் தரத்தைப் பார்க்கச் சொல்லி இணைய சேவை நிறுவனத்தை அழையுங்கள். வேகத்தைக் கூட்டி வாங்குவதால் மட்டும் தாமதம் குறையாது, பணம் கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

அவசரத்துக்குக் குரலைச் செல்போனுக்கு மாற்றுபவர்கள் உண்டு. நானும் செய்வேன். ஆனால் அப்போது குரல் முன்னால் வந்துவிடும், கை பின்னால் வரும். “இதோ இங்கே” என்று சொல்லி முடித்த பிறகுதான் கை அங்கே போய்ச் சேர்கிறது. மற்றவர் பழைய இடத்தைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார். அதனால் செல்போனில் பேசினால் சுட்டிக்காட்டிவிட்டு ஒரு மூச்சு பொறுத்துப் பேசவேண்டும். இதை இரு பக்கமும் சொல்லிவைத்துவிடுங்கள்.

## அறிகுறி 3: “இதைத்தான் சொல்றேன்” என்கிறார், எதை என்று தெரியவில்லை

நான் அதிகம் பழகிய கோளாறு இது. அமைதியாக வந்து, பணமாக வெளியேறும். எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது.

ஒருமுறை இரண்டு பம்ப்கள் பக்கத்தில் பக்கத்தில், ஏ, பி என்று. இரண்டுக்கும் ஒரே மாதிரி உறிஞ்சு குழாய், ஒரே மாதிரி கேட் வால்வு. தளத்திலிருந்து வந்த மூத்த பொறியாளர் கையை நீட்டி, “மேடம், இந்த வால்வோட கைச்சக்கரம் தூணுல இடிக்குது பாருங்க” என்றார். எங்கள் வடிவமைப்பாளர், “ஆமா சார், தெரியுது, திருப்பி வச்சிடறேன்” என்றார். இருவர் குரலிலும் சந்தேகமே இல்லை. அடுத்த வாரம் வந்தால் ஏ வால்வு அழகாகத் திரும்பியிருக்கிறது. பி அப்படியே தூணில் இடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் பி-யைக் காட்டியிருக்கிறார், இவர் ஏ-யைப் பார்த்திருக்கிறார். பதிவை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: அவர் கை நீண்டபோது இவர் பார்வையில் கையும் இருந்தது, ஏ-யும் இருந்தது. பி இவர் பார்வைக்கு வெளியே, வலப்பக்கம் ஓர் அடி தள்ளி.

இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. 1998-இல் பிரிட்டனில் ஹிண்ட்மார்ஷ், ஹீத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணினித் திரை வழியே ஒரு மெய்நிகர் அறைக்குள் சேர்ந்து அறைக்கலன்களை அடுக்கச் சொல்லி ஆட்களைக் கவனித்தார்கள். சுட்டுபவரும் சுட்டப்படும் பொருளும் ஒரே பார்வைக்குள் அகப்படாமல், எது எது என்று பேசியே தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று பார்வைக் கோணம் ஏறத்தாழ 55 பாகை. இன்று குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டில் கிடைமட்டமாக 110 பாகை. நம் கண் இயல்பாகப் பார்ப்பது 200-ஐ ஒட்டி. இடைவெளி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

### 3-அ: சுட்டுகிறார், ஆனால் நமக்கு வேறு இடம் தோன்றுகிறது

வெறுங்கையால் சுட்டுகிறாரா? சுட்டுபவர் தன் கண்ணையும் விரல் நுனியையும் பொருளோடு ஒரு கோட்டில் வைக்கிறார். பக்கத்தில் நிற்பவர் தோளிலிருந்து விரல்வரை ஓடும் கோட்டை நீட்டிப் பார்க்கிறார். தோள் கண்ணைவிடத் தாழ்வு. ஆகவே நீட்டிய கோடு உண்மைப் பொருளுக்கு மேலே போய் முட்டும். குழாய்த் தாங்கியில் மூன்று அடுக்குக் குழாய்கள் இருந்தால் நடு அடுக்கைக் காட்டியவருக்கு மேல் அடுக்கு விடையாகக் கிடைக்கும்.

தீர்வு: கன்ட்ரோலர் (கையில் பிடிக்கும் கருவி) விடும் ஒளிக்கதிரைப் போடுங்கள். கதிர் எல்லாருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் அது போடுபவருக்கு மட்டுமே தெரியும். “என் கதிர் தெரியுதா, என்ன நிறம்?” என்று கேட்டால் போதும்.

### 3-ஆ: இடது, வலது குழப்பம்

இருவரும் எதிரெதிரே நின்றால் உங்கள் இடது அவருக்கு வலது. எல்லாரும் அறிந்ததுதான், ஆனால் ஹெட்செட்டுக்குள் மறந்துபோகும். இடது வலது என்ற சொற்களையே எங்கள் அமர்வுகளில் விட்டுவிட்டோம். ஆலை வரைபடத்தில் “ஆலை வடக்கு” என்று, அந்த ஆலைக்கென வகுத்த திசை ஒன்று இருக்கும். அதை வைத்தே பேசுகிறோம்: “பம்புக்கு ஆலை கிழக்கே, இரண்டாவது தூண்.” உங்கள் வேலை வேறாக இருந்தாலும் இப்படி ஒரு நிலையான திசை வையுங்கள். வாசல் பக்கம், ஜன்னல் பக்கம் என்றாலும் சரி.

இன்னொரு பழக்கம்: பார்க்கவேண்டியவர் சுட்டுபவரின் தோளுக்குப் பின்னால் போய், அவர் பார்க்கும் திக்கிலேயே நிற்கட்டும். எதிரே நின்று பேசுவது மரியாதை என்று நம் ஆட்கள் முகம் பார்த்தே நிற்பார்கள். கூட்டத்துக்கு அது சரி. ஒரு பொருளைச் சேர்ந்து பார்க்கும்போது பக்கவாட்டில்தான் நிற்கவேண்டும்.

### 3-இ: நெருங்கிப் போனால் ஆள் மறைந்துவிடுகிறார் அல்லது தள்ளப்படுகிறார்

தனிநபர் எல்லை அமைப்பு போட்டிருக்கும். தெரியாதவர்கள் மேலே வந்து விழாமல் காக்கும் நல்ல ஏற்பாடு அது. அதை மொத்தமாக அணைக்கச் சொல்லமாட்டேன். ஒரு குழாய்க்கு அடியில் இருவர் தலையை விட்டுப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும், உள்ளே இருக்கும் எல்லாரையும் கேட்டுக்கொண்டு குறைத்துக்கொள்ளுங்கள். யாராவது தயங்கினால் விட்டுவிடுங்கள். ஒருவர் பார்த்து, விலகி, மற்றவர் பார்க்கட்டும்.

### 3-ஈ: “இங்கே குழாயே இல்லையே?”

ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

முதலில் அடுக்குகள், அதாவது குழாய், மின்தட்டு என்று மாதிரியில் தனித்தனியே காட்டவும் மறைக்கவும் வரும் தொகுதிகள். ஒருவர் மின்தட்டு அடுக்கை மறைத்தால் அது அவருக்கு மட்டும் மறையுமா, எல்லாருக்கும் மறையுமா என்பது செயலிக்குச் செயலி வேறு. “எல்லாவற்றையும் காட்டு” என்பதை இருவரும் ஒருமுறை அழுத்துங்கள்.

அடுத்தது அளவு. ஒருவர் மாதிரியை மேசையளவுக்குச் சுருக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிவது மேலேயிருந்து பார்க்கும் ஊர். உங்களுக்குத் தெரிவது எதிரே நிற்கும் சுவர். இருவரும் ஒன்றுக்கு ஒன்று அளவுக்கு வாருங்கள்.

கடைசியாக, மாதிரியின் பதிப்பு. ஒருவர் ஹெட்செட்டில் போன வாரக் கோப்பு இறங்கிக் கிடக்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி மிக எளியது: மாதிரிக்குள்ளேயே, நுழையும் இடத்தில், ஒரு பலகை நட்டிருக்கிறோம். திருத்த எண், தேதி, அவ்வளவுதான். உள்ளே வருகிறவர்கள் ஒவ்வொருவராக அதை வாசித்துவிட்டுத்தான் நகர்வார்கள். பலகை நட்ட பிறகு “பழைய மாதிரி” சண்டை எங்களுக்கு வந்ததில்லை.

### இந்த அறிகுறிக்கு முடிவான சோதனை

சுட்டியவர் சொன்னதும் மற்றவர் “தெரியுது” என்று சொல்லக்கூடாது. தன் கதிரால் அந்தப் பொருளைத் தானும் தொட்டு, அதன் அடையாள எண்ணைப் படிக்கவேண்டும். “பி-101 பி, உறிஞ்சு வால்வு.” சுட்டியவர் “ஆமா” என்ற பிறகுதான் அடுத்த பேச்சு. மூத்தவர்களிடம் போய் “எண்ணைப் படியுங்க சார்” என்று சொல்ல இளையவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் அமர்வை நடத்துபவரே முதல் பொருளுக்குத் தானே படித்துக் காட்டித் தொடங்கவேண்டும்.

*இங்கே ஆளை அழைக்கவும்:* பொருளைத் தொட்டால் எண் வரவில்லை, அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே எண் வருகிறது என்றால், வி.ஆருக்கு மாற்றும்போது விவரங்கள் உதிர்ந்துவிட்டன. மாதிரியை ஒருங்கிணைப்பவர்தான் மறுபடி ஏற்றுமதி செய்யவேண்டும். ஹெட்செட்டில் எதைத் திருகினாலும் வராது.

## அறிகுறி 4: இருவர் பிடித்த பொருள் நடுங்குகிறது, துள்ளுகிறது, பழைய இடத்துக்கே ஓடுகிறது

ஒருவரைக் கையை விடச் சொல்லுங்கள்.

*நடுக்கம் நின்றதா?* அப்படியானால் செயலி ஒரு பொருளுக்கு ஒரே நேரத்தில் ஓர் உரிமையாளரைத்தான் வைத்திருக்கிறது. இருவரும் பிடிக்கும்போது உரிமை அங்கும் இங்கும் பறக்கிறது. இது பல செயலிகளின் இயல்பு. முறை வைத்துக்கொள்ளுங்கள்: பிடிப்பவர் “என் கையில்” என்கிறார், விடுபவர் “விட்டுட்டேன்” என்கிறார். ஆலையில் பாரம் தூக்கும்போது செய்வதுதான்.

*ஒருவரே பிடித்தாலும் நடுங்குகிறதா?* பொருளுக்கு எடை, மோதல் எல்லாம் போட்டிருப்பார்கள், அது பக்கத்துப் பொருளோடு இடித்துக்கொண்டு துடிக்கிறது. அந்த அமைப்பை அணையுங்கள். பிறகும் நின்றபாடில்லை என்றால் கன்ட்ரோலர் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

*வைத்த இடத்தில் நிற்காமல், விட்ட பிறகு பழைய இடத்துக்குத் தாவுகிறதா?* உங்கள் கணினி ஒரு முடிவிலும் சர்வர் வேறொரு முடிவிலும் இருக்கின்றன. வெளியேறி மறுபடி நுழையுங்கள். மீண்டும் நடந்தால் இரண்டு பக்கத்துத் திரையையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, நடந்த நேரத்தைக் குறித்து, மென்பொருளை எழுதியவர்களுக்கு அனுப்புங்கள். ஒரு பக்கப் பதிவை மட்டும் அனுப்பினால் “எங்களிடம் சரியாக இருக்கிறது” என்றுதான் பதில் வரும்.

## அறிகுறி 5: லேப்டாப்பில் வந்தவர் வாயே திறப்பதில்லை

இதைக் கோளாறாகவே பலர் எண்ணுவதில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் எங்கள் அமர்வுகளில் லேப்டாப்பில் வருபவர் பெரும்பாலும் தளத்தில் உண்மையிலேயே வால்வைத் திருகப்போகிறவர்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் மூன்று மூன்று பேராக ஒரு புதிரைத் தீர்க்கச் செய்தார்கள். ஒருவருக்கு ஹெட்செட், மற்ற இருவருக்குத் திரை. மெய்நிகர் அறையில் ஹெட்செட் போட்டவரே தலைமையை எடுத்துக்கொள்ளும் போக்கு தெரிந்தது. அதே மூவர் நேரில் சந்தித்தபோது அந்தச் சாய்வு இல்லை. ஆளின் குணத்தைவிடக் கையில் இருந்த கருவிதான் பேச வைத்தது.

செலவில்லாத வழி: ஹெட்செட்காரர்கள் ஒவ்வோர் இடத்தையும் விட்டு நகரும் முன் லேப்டாப்பில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். “அண்ணே, இதுல கை எட்டுமா உங்களுக்கு?” அடுத்த வழி, பாதையை அவர் கையில் கொடுப்பது: எங்கே போவது என்று அவர் சொல்ல, மற்றவர்கள் பின்தொடர. கொஞ்சம் செலவு பிடிக்கும் வழி, தளத்துக்கு ஒரு ஹெட்செட் கூடுதலாக அனுப்புவது. எங்களிடம் இரண்டாவது வழியே பலன் தந்தது.

## அறிகுறி 6: ஆள் தரைக்குள் நிற்கிறார், அல்லது மிதக்கிறார்

தரை மட்டம் தவறு. கன்ட்ரோலரை நிஜத் தரையில் வையுங்கள். ஹெட்செட்டுக்குள் அது மெய்நிகர் தரையில் கிடக்கவேண்டும். மேலே மிதந்தாலோ உள்ளே புதைந்தாலோ தரை மட்டத்தை மறுபடி குறியுங்கள்.

பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சரிசெய்வதில்லை. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, உயரத்தைச் செயலி ஏற்றிக்கொடுத்த நிலையில் “கை எட்டுது” என்று சொன்ன வால்வு, நிஜத்தில் எட்டாமல் போகலாம். உயரம் பற்றிய எந்த முடிவுக்கும் எழுந்து நிற்கவேண்டும், காலணியோடு. மாதிரியில் உள்ள கைப்பிடிக் கம்பி 1100 மில்லிமீட்டர் என்றால் அதன் மேல் கையை வைத்து, இன்னொருவர் டேப் பிடித்துத் தரையிலிருந்து கை உயரத்தை அளக்கட்டும். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால் தொடருங்கள்.

## அறிகுறி 7: ஒரே கூடத்தில் இருவர், அவதார் (உள்ளே தெரியும் உருவம்) ஓரிடம், ஆள் வேறிடம்

இது ஆபத்தானது. முதலில் இருவரையும் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். அவதார் இரண்டு மீட்டர் தள்ளித் தெரிகிறது என்று நம்பிக் கை வீசினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் படும்.

இருவரும் ஒன்றாகத் தொடங்கி, நேரம் போகப் போக விலகினார்களா? ஹெட்செட் தன் கேமராக்களால் அறையைப் பார்த்து இடத்தைக் கணிக்கிறது. வெள்ளைச் சுவர், கண்ணாடித் தடுப்பு, அரையிருட்டு இவற்றில் அதற்குப் பிடிப்புக் கிடைக்காது. விளக்கைப் போடுங்கள், சுவரில் நாலு படம் ஒட்டுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டின் சிமிட்டல் கேமராவைக் குழப்பலாம். ஹெட்செட் அமைப்பில் கண்காணிப்பு அலைவெண் 60 என்று இருந்தால் 50-க்கு மாற்றுங்கள். ஜன்னல் வழியாக நேர் வெயில் விழுந்தால் திரையை இழுத்துவிடுங்கள். வெயில் லென்ஸில் பட்டால் உள்ளே இருக்கும் திரை கருகும், அதற்குப் பழுது பார்ப்பு கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

தொடக்கத்திலிருந்தே விலகியிருந்தால் இருவருக்கும் பொது ஆதாரப் புள்ளி பொருந்தவில்லை. நாங்கள் தரையில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டிவைத்திருக்கிறோம். இருவரும் கன்ட்ரோலரை முதல் குறியில் வைத்து, பிறகு இரண்டாம் குறியில் வைத்து ஒப்பிடுவோம். ஒரு சாண் வித்தியாசம் இருந்தாலும் மறுபடி பொருத்தியே தொடங்குவோம். பொருந்தவே மறுத்தால் அன்று ஒருவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். வேலை நடக்கும்.

## அறிகுறி 8: தலை சுற்றுகிறது, குமட்டுகிறது

கழற்றுங்கள். “கூட்டம் நடக்குது, பொறுத்துக்கிறேன்” என்று யாரும் சொல்ல விடாதீர்கள். பொறுத்தால் கூடும், குறையாது.

உட்கார்ந்து, தெளிந்தபின் பாருங்கள். கண்மணி இடைவெளி (இரு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ஏற்ப லென்ஸ் வைப்பது) சரியா? குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைதான். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைச் சுழற்றிச் சரிசெய்யலாம். ஒரே ஹெட்செட்டைப் பலர் மாற்றி மாற்றிப் போடும் அலுவலகத்தில் முன்னால் போட்டவரின் அளவு அப்படியே இருக்கும். அடுத்து, நகரும் முறை. கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி வழுக்கிக்கொண்டு போகாமல் தாவிப் போகும் முறைக்கு மாறுங்கள். முக்கியமாக, அமர்வை நடத்துபவர் எல்லாரையும் கூட்டமாக இழுத்துக்கொண்டு போகும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். தன் காலால் போகாதவருக்குத்தான் முதலில் சுற்றும். கடைசியாக, மாதிரியின் கனம். தலையைத் திருப்பும்போது காட்சி இழுபட்டால் கோப்பு ஹெட்செட்டுக்கு மீறியது. பகுதி பகுதியாகப் பிரித்து ஏற்றச் சொல்லுங்கள்.

எங்கள் அமர்வு 25 நிமிடம், பிறகு கட்டாயமாகக் கழற்றல். ஹெட்செட் அரைக் கிலோ கனம், சென்னை வெக்கையில் நெற்றி வியர்த்து நுரைப்பட்டை ஊறிவிடும். ஆளுக்கொரு உறை வையுங்கள். சுற்றல் இருந்தவர் முழுதும் தெளியும்வரை வண்டி எடுக்கக்கூடாது.

*இங்கே ஆளை அழைக்கவும்:* வலிப்பு, கண் இருட்டல், நினைவு தப்புதல் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. நாலாயிரத்தில் ஒருவருக்கு ஒளி மின்னலால் கடும் தலைசுற்றலோ வலிப்போ வரலாம் என்று ஹெட்செட் கையேடுகளே எச்சரிக்கின்றன. முன்பு வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம். கழற்றிய மறுநாளும் தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால் கண் மருத்துவர். ஹெட்செட்டின் முகப்பு உப்பித் தெரிந்தால் அது பேட்டரி. சார்ஜரைப் பிடுங்குங்கள், தீப்பிடிக்காத இடத்தில் தனியே வைத்துச் சேவை மையத்தை அழையுங்கள்.

## அறிகுறி 9: நேற்று போட்ட குறிப்புகளைக் காணோம்

அறையை மூடியதும் குறிப்புகளை அழித்துவிடும் வகைச் செயலியா என்று முதலில் பாருங்கள். “சேமி” என்று தனியே அழுத்தவேண்டியிருக்கும். அழுத்தியும் இல்லை என்றால், குறிப்பு போட்டவரின் கணக்கில் மட்டும் இருக்கிறதா என்று அவரையே நுழையச் சொல்லிப் பாருங்கள்.

இதை நம்பி இருக்கவேண்டாம் என்பது என் கருத்து. ஹெட்செட்டுக்குள் எழுதுவது கடினம், எழுதுகிறவர் பேச்சைத் தவறவிடுவார். லேப்டாப்பில் ஒருவரை எழுத வையுங்கள்: பொருளின் எண், என்ன மாற்றம், யார் பொறுப்பு. பக்கத்திலேயே ஒரு படம். அமர்வு முடிந்து ஹெட்செட்டைக் கழற்றும் முன், எழுதியதை அவர் வாசிக்க, ஒவ்வொருவரும் தன் வரிக்கு “சரி” சொல்லவேண்டும். அந்த வாசிப்பில் இரண்டு பேர் வேறு வேறு வால்வை நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றிரண்டு முறை எங்களிடம் வெளிப்பட்டிருக்கிறது.

அறையே காணோம் என்றால் வழங்குநரிடம் கேளுங்கள். சேவையே நின்றுபோவதும் நடக்கும்: மெய்நிகர் சந்திப்புச் சேவைகளில் ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச்சில் மூடப்பட்டது, மொசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே இறுதியில் நிறுத்தியது. சந்தாவைப் புதுப்பிக்கும் முன் விற்பனையாளரிடம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: மாதிரியும் குறிப்புகளும் வேறு செயலியில் திறக்கக்கூடிய வடிவில் வெளியே எடுக்க வருமா, மூடுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. வெளியே எடுத்த கோப்பை அன்றே வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.